நத்தார் நாளில் குசினிக்குள் அழுகிற தங்கச்சிக்கு

மட்டக்களப்பிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். அவர் மூத்த மகள். அம்மா அவரோடுதான் இருக்கிறா. நத்தாருக்குக் கனடாவிலிருந்து தம்பி குடும்பம் வரும், கட்டாரில் வேலை செய்கிற சின்னத் தங்கையின் கணவர் லீவில் வருவார், அடுத்த வீதியில் இருக்கிற நடுத் தங்கை பிள்ளைகளோடு வந்துவிடுவா. பத்தொன்பது பேருக்குச் சமையல். பகல் சாப்பாடு முடிவதற்குள் சீதன வீட்டுக் கதை தொடங்கும், தம்பி குடித்திருப்பார், குரல் உயரும், அம்மா எல்லோரையும் ஏசுவா. இரவில் சட்டி கழுவும்போது இவர் அழுவார். "சமாதானத்தைத் தெரிவு செய்யுங்கள் என்று பிரசங்கத்தில் சொல்கிறார்கள். எப்படித் தெரிவு செய்வது அக்கா? என் விசுவாசம்தான் குறைவா?" என்பது அவருடைய கேள்வி.

நான் கல்லடியில் இருக்கிறேன், ஓய்வுபெற்ற ஆசிரியை. பிறந்தது மெதடிஸ்த சபையில், கணவர் கத்தோலிக்கர். அதனால் இரண்டு பக்கத்து நத்தாரும் எனக்குத் தெரியும். பெண்கள் ஐக்கியக் கூட்டங்களில் இருபத்தைந்து வருடமாக இந்தக் கேள்வி என்னிடம் வந்துகொண்டிருக்கிறது. கேட்டவர்களில் பாதிப்பேர் உங்களைப் போல மூத்த மகள்கள்.

விசுவாசம் குறைவா என்ற கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை, தங்கச்சி. நீங்கள் எதைச் சமாதானம் என்று எதிர்பார்க்கிறீர்கள் என்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

உங்கள் வீட்டில் பழைய வேதாகமம் இருந்தால் யோவான் 14:27-ஐ எடுத்துப் பாருங்கள். "சமாதானத்தை உங்களுக்கு வைத்துப்போகிறேன்" என்று இருக்கும். கத்தோலிக்கக் கோயில்களில் வாசிக்கிற பொது மொழிபெயர்ப்பில் அந்த இடத்தில் "அமைதி" என்ற சொல் வரும். நம்முடைய பேச்சில் அமைதி என்றால் சத்தம் அடங்குவது. சமாதானம் என்றால் சண்டை பிடித்தவர்கள் ஒத்துப்போவது. பத்தொன்பது பேர் இருக்கிற வீட்டில் சத்தம் அடங்காது. இருபது வருடத்துச் சீதனக் கதை ஒரு பகலில் ஒத்துப்போகாது. இரண்டும் கிடைக்காததால், கர்த்தர் எனக்கு ஒன்றும் தரவில்லை என்று நினைத்துவிடுகிறோம். இந்த இரண்டு சொற்களுக்கும் பின்னால் நிற்பது எபிரேயரின் ஷாலோம். அதன் வேரில் முழுமை, குறைவின்மை என்ற பொருள் இருக்கிறது. வீடு இரைச்சலாக இருக்கும்போதும் ஒருவர் உள்ளே உடையாமல் முழுதாக இருக்கலாம்.

இயேசு அந்த வசனத்தை எங்கே சொன்னார் என்று கவனித்திருக்கிறீர்களா? அதுவும் ஒரு பெருநாள் காலம், அதுவும் ஒரு சாப்பாட்டு மேசை. லூக்கா 22-ஐ வாசித்தால், அந்தப் பஸ்கா மேசையிலேயே சீஷர்கள் தங்களுக்குள் யார் பெரியவன் என்று வாக்குவாதப்பட்டது தெரியும். யோவானில், ஒருவன் மேசையிலிருந்து எழுந்து இரவுக்குள் போய்விடுகிறான். இன்னொருவன் பெரிய வாக்குக் கொடுக்கிறான், விடிவதற்குள் அதை மீறப்போகிறான். இவ்வளவும் நடந்த இரவில்தான் "என்னுடைய சமாதானத்தையே உங்களுக்குக் கொடுக்கிறேன்" என்றார். ஒழுங்கான குடும்பம் ஒன்று கிடைக்கட்டும், அதற்குப் பிறகு கொடுக்கலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. உங்கள் வீட்டு மேசை அந்த மேசையை விட மோசமானது என்று நான் நினைக்கவில்லை.

சரி, தெரிவு செய்வது என்றால் என்ன? கொலோசெயர் 3:15-இல் தேவசமாதானம் உங்கள் இருதயங்களில் "ஆளக்கடவது" என்று இருக்கிறது. கிரேக்க மூலத்தில் அந்தச் சொல் விளையாட்டுப் போட்டியில் தீர்ப்புச் சொல்கிறவருடைய வேலையைக் குறிக்கும். சென் மைக்கேல்ஸ் கல்லூரிக்கும் மெதடிஸ்த மத்திய கல்லூரிக்கும் நடக்கிற கிரிக்கெட்டைப் பார்த்து வளர்ந்த ஊர் நமது, அம்பயர் என்றால் விளக்கம் தேவையில்லை. ஒவ்வொரு பந்துக்கும் அவர் அங்கே நிற்கிறார். காலையில் ஒருதரம் ஜெபித்து "இன்று நான் சமாதானமாக இருப்பேன்" என்று எடுக்கிற ஒரே முடிவாக இதை நினைத்தால் பதினொரு மணிக்கே தோற்றுவிடுவீர்கள். நாளுக்கு நாற்பது தடவை வருகிற சின்னச் சின்ன முடிவு இது. மச்சாள் சொன்ன சொல்லுக்குப் பதில் சொல்வதா விடுவதா? இன்னொரு கறி வைப்பதா வேண்டாமா? இந்தக் கதையை இப்போதே முடிப்பதா, நாளைக்கு வைப்பதா? அந்த ஒவ்வொரு இடத்திலும் கோபம் தீர்ப்புச் சொல்லாமல், பயமும் தீர்ப்புச் சொல்லாமல், அவர் தந்த சமாதானம் தீர்ப்புச் சொல்ல இடம் விடுவதைத்தான் தெரிவு செய்வது என்கிறேன்.

இனி உங்கள் வீட்டுக்கு வருவோம்.

நம்முடைய பகுதியின் வழக்கத்தை ஒருதரம் எண்ணிப் பாருங்கள். வீடு மகளுக்குப் போகும், மருமகன் வந்து சேருவார், ஆண்பிள்ளை கலியாணம் கட்டி மனைவி வீட்டுக்குப் போய்விடுவார். மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பெரும்பாலும் இதுதான் முறை. பெண்பிள்ளைக்குக் காலூன்ற ஓர் இடம் தருகிற நல்ல முறை என்றுதான் நான் எண்ணுகிறேன். ஆனால் நத்தார் அன்று அதன் மறுபக்கம் தெரியும். உங்கள் தம்பி பிறந்து வளர்ந்த வீட்டுக்கு விருந்தாளியாக வருகிறார். தான் படுத்த அறையில் உங்கள் மகன் படுக்கிறான். வெளிநாட்டுக் காசு அனுப்பி அந்தக் கூரையை மாற்றியவர் அவராகவும் இருக்கலாம். நடுத் தங்கைக்கு அக்காவுக்குக் கல்வீடு, எனக்கு வளவு மட்டும் என்ற எண்ணம் இருக்கலாம். நீங்களோ அம்மாவைப் பார்க்கிறது நான், செலவழிக்கிறது நான், பேச்சு வாங்குகிறதும் நான் என்று நினைக்கிறீர்கள். மூன்று பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. வருடம் முழுக்கத் தொலைபேசியில் "எல்லாம் சுகம்" என்று சொன்னவர்கள் ஒரே விறாந்தையில் இருக்கும்போது அந்த உண்மைகள் ஒன்றோடொன்று மோதுகின்றன.

இதற்குச் சமாதானம் என்று பெயர் வைத்துப் பொத்திவைப்பதை வேதம் ஒத்துக்கொள்வதில்லை. சமாதானமில்லாதிருந்தும் சமாதானம் சமாதானம் என்று சொல்லிக் காயத்தை "மேற்பூச்சாய்" குணமாக்குகிறவர்களை எரேமியா கண்டித்தார். ஆகவே சீதனக் கதையைப் பேசத்தான் வேண்டும். ஆனால் நத்தார் மேசையில் வேண்டாம், சாராயம் உள்ளே போன பிறகும் வேண்டாம். அதற்கென்று ஒரு நாள் வையுங்கள். மத்தேயு 18:15 "நீயும் அவனும் தனித்திருக்கையில்" என்று சொல்வது பந்தியில் அல்ல, தனியே பேச. தம்பி வந்து இறங்கிய இரண்டாம் நாளே, வேறு ஆட்கள் இல்லாத நேரம் தேத்தண்ணி கொடுத்துச் சொல்லுங்கள்: "தம்பி, வீட்டுக் கதை உனக்கும் மனதில் இருக்கிறது, எனக்கும் இருக்கிறது. இருபத்தெட்டாம் திகதி காலமை உட்கார்ந்து கதைப்போம். காணி உறுதியையும் எடுத்து வைக்கிறேன். அதுவரைக்கும் மேசையில் வேண்டாம்." இதைச் செய்து பார்த்த குடும்பங்களை எனக்குத் தெரியும். திகதி குறித்துவிட்டால் பாதிச் சூடு குறைந்துவிடும். தன் பேச்சை ஒருவர் கேட்கப்போகிறார் என்று தெரிந்த மனிதன் கத்தத் தேவையில்லை. நீங்களே பேசித் தீராத காணிப் பிரச்சினை என்றால் மத்தியஸ்த சபை இருக்கிறது, 1988-ஆம் ஆண்டின் 72-ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்தது. சகோதரர்கள் அங்கே போவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. வருடக்கணக்காகப் பேசாமல் இருப்பதுதான் வெட்கம்.

அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். "அம்மா எல்லோரையும் ஏசுவா" என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியை வாசித்ததும் என் அம்மாவைத்தான் நினைத்தேன்.

என் அம்மா நத்தாருக்கு முதல் நாள் வரைக்கும் பாட்டுப் பாடிக்கொண்டு ரவை வறுப்பா, கேக்குக்குப் பழம் வெட்டுவா. இருபத்தைந்தாம் திகதி பகல் சாப்பாடு முடிந்ததும் ஆள் மாறிவிடுவா. தட்டு சரியாகக் கழுவவில்லை, பிள்ளைகள் முற்றத்தில் நிற்கிறார்கள், யாரும் சொல் கேட்பதில்லை என்று ஒவ்வொன்றுக்கும் ஏச்சு. நானும் திருப்பிக் கதைப்பேன். ஆறேழு வருடம் இப்படியே நத்தார் பின்னேரங்கள் கெட்டன. ஒருமுறை நான் கத்திய கத்தலுக்கு என் மகள் பயந்து அழுதாள். அன்று இரவுதான் எனக்குப் புரிந்தது. அம்மாவின் தங்கை, எங்கள் சின்னம்மா, நாவலடியில் இருந்தவ. 2004 நத்தாருக்கு எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, பின்னேரம் பலகாரப் பொட்டலத்தோடு திரும்பிப் போனவ. மறுநாள் ஞாயிறு காலை கடல் வந்தது. நத்தார் பின்னேரம் யாராவது வீட்டை விட்டு வெளிக்கிட்டால் அம்மாவுக்கு அந்தப் பின்னேரம் திரும்பி வந்துவிடும். அதைச் சொல்லத் தெரியாமல் தட்டைப் பற்றிச் சொன்னா.

நம் ஊரில் பெருநாட்கள் இப்படித்தான். 2005 நத்தார் நள்ளிரவுப் பூசையில், புளியந்தீவு மரியாள் பேராலயத்துக்குள், பாராளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுடப்பட்டார். 2019 உயிர்த்த ஞாயிறு அன்று சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது, ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளும் செத்தார்கள். நத்தார், ஈஸ்டர் இரண்டுக்கும் சந்தோஷத்தோடு துக்கமும் வீட்டுக்குள் வருகிறது. வந்த துக்கத்துக்கு இருக்க இடம் கொடுக்காவிட்டால் அது கோபமாக வீடெல்லாம் அலையும். நாங்கள் பிறகு ஒரு வழக்கம் தொடங்கினோம். இருபத்தைந்தாம் திகதி மாலை ஆறு மணிக்குக் குடிலுக்குப் பக்கத்தில் ஒரு மெழுகுதிரி ஏற்றி, போனவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி ஒரு சின்ன ஜெபம். பத்து நிமிடம்தான். முதல் வருடம் அம்மா குலுங்கி அழுதா. அதற்குப் பிறகு ஏச்சு குறைந்தது. உங்கள் அம்மா மனதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. கேட்டுப் பாருங்கள். நத்தாருக்கு முன்பே, கேக்குக்குப் பழம் வெட்டுகிற நேரத்தில் கேளுங்கள். கை வேலையில் இருக்கும்போது வயதானவர்கள் கதைப்பார்கள்.

இனிச் சமையல். பத்தொன்பது பேருக்கு நீங்கள் ஒருவர் சமைப்பதைக் கர்த்தர் கேட்கவில்லை. இயேசுவை வீட்டுக்கு அழைத்துப் பணிவிடை செய்த மார்த்தாளைப் பற்றிய பிரசங்கங்களில் எனக்குச் சின்ன வருத்தம் உண்டு, அவவை அவர் காலடியில் இருந்து கேட்ட தங்கைக்கு எதிரான முசுடு போலக் காட்டுகிறார்கள். யோவான் 11-இல் இயேசு மார்த்தாளிடத்தில் அன்பாயிருந்தார் என்று அவ பெயரைத்தான் முதலில் எழுதியிருக்கிறது. லூக்காவில் அவர் சமையலைக் குறை சொல்லவில்லை. "அநேக காரியங்களைக்குறித்து" கவலைப்பட்டுக் கலங்குகிறாய் என்கிறார். அந்த "அநேக" என்ற சொல்லில்தான் நம் நத்தார் மாட்டிக்கொண்டிருக்கிறது. கோழி, ஆட்டிறைச்சி, றால், நண்டு, புரியாணி, அது வேண்டாம் என்பவருக்குச் சோறு, சைவ மச்சாளுக்கு வேறு சட்டி, அதற்கு மேல் அயலுக்கு இருபது பலகாரத் தட்டு. மார்கழி மழையில் விறகும் காயாது, துணியும் காயாது. குறையுங்கள். ஒரு வீட்டுக்கு ஒரு சட்டி என்று இப்போதே வாட்ஸ்அப்பில் போடுங்கள். நடுத் தங்கை இறைச்சி, சின்னத் தங்கை றால், கனடாக் குடும்பம் குளிர்பானமும் ஐஸ்கிறீமும். வந்தவர்களிடம் சட்டி கேட்பதா என்று அம்மா சொல்லுவா. "அம்மா, நான் உங்களோடு மேசையில் இருந்து சாப்பிட ஆசைப்படுகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். அதை மறுக்கிற தாய் இல்லை. அயலுக்குக் கொடுக்கிற தட்டை மட்டும் குறைக்க வேண்டாம். பொங்கலுக்கும் பெருநாளுக்கும் நமக்கு வருகிற தட்டுகளின் பதில் அது. பலகாரத்தை மட்டும் இரண்டு வகையாக்கிக்கொள்ளலாம்.

சபைக்குப் போகிற சின்னத் தங்கை குடும்பத்தைப் பற்றியும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். குடில் வைப்பது விக்கிரகம், டிசம்பர் இருபத்தைந்து வேதத்தில் இல்லை என்று சொல்கிறார்களாம். திகதி வேதத்தில் இல்லை என்பது உண்மைதான், ஒத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் வாதாட வேண்டாம். ஒருவன் ஒரு நாளை விசேஷமாக எண்ணுகிறான், மற்றவன் எல்லா நாளையும் ஒன்றாக எண்ணுகிறான், இரண்டு பேரும் தங்கள் மனதில் நிச்சயமாக இருக்கட்டும் என்று பவுல் ரோமர் 14-இல் விட்டுவிட்டார். அவர் விட்டதை நாம் பந்தியில் தீர்க்க முடியாது. சாப்பாட்டு ஜெபத்தை அவர்களைச் சொல்லச் சொல்லுங்கள்.

அன்றைய நாளுக்குள் உங்களுக்காக மூன்று இடங்களைப் பிடித்துவைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் யாரும் எழும்புமுன் ஐந்து நிமிடம். நீண்ட ஜெபம் வேண்டாம், வரப்போகிற ஒவ்வொருவருடைய பெயரையும் சொல்லுங்கள், உங்களைக் கோபப்படுத்துகிறவருடைய பெயரை இரண்டு தடவை சொல்லுங்கள். பகலில் கிணற்றடி. குரல் உயரும்போது தண்ணீர் அள்ளுவது போல எழுந்து போகலாம், முகம் கழுவலாம், மூச்சை மெல்ல விட்டு "ஆண்டவரே, உம்முடைய சமாதானம்" என்று சொல்லலாம். கோபம் ஏறிய உடம்பு இறங்கச் சில நிமிடம் எடுக்கும், அதுவரை வாய் திறக்காமல் இருப்பதே ஜெபம். இரவில் படுக்கும்போது, இங்கே யேசுசபைக் குருக்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த பழைய பழக்கம் ஒன்று இருக்கிறது. அன்றைய நாளைத் திரும்பிப் பார்த்து எங்கே நன்றி சொல்லலாம், எங்கே தவறினேன் என்று பார்ப்பது. தவறிய இடத்தில் மன்னிப்புக் கேட்டுவிட்டு நாலாம் சங்கீதத்தின் கடைசி வசனத்தோடு படுங்கள்: "சமாதானத்தோடே படுத்துக்கொண்டு நித்திரைசெய்வேன்."

தவறுவீர்கள், தங்கச்சி. நானும் போன வருடம் மச்சாளிடம் ஒரு சொல் விட்டேன், மறுநாள் போய் மன்னிப்புக் கேட்டேன். அதுவும் தெரிவு செய்வதில் சேர்ந்ததுதான்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பொறுத்துப் போ, அடங்கிப் போ என்று பெண்பிள்ளைகளுக்குச் சொல்வதற்கு இந்த வசனங்களைப் பாவித்திருக்கிறார்கள். நான் அதற்கு உடன்படவில்லை. ரோமர் 12:18-ஐக் கவனமாகப் படியுங்கள்: "கூடுமானால் உங்களாலானமட்டும் எல்லா மனுஷரோடும் சமாதானமாயிருங்கள்." கூடுமானால் என்றும் இருக்கிறது, உங்களாலானமட்டும் என்றும் இருக்கிறது. இரண்டு எல்லைகளை அப்போஸ்தலரே வைத்திருக்கிறார். யோவான் 7-இல் இயேசுவின் சகோதரர்கள் பண்டிகைக்குப் போ என்று நெருக்குகிறார்கள், அவர்கள் அவரை விசுவாசிக்கவும் இல்லை. "நீங்கள் போங்கள்" என்று அனுப்பிவிட்டு, அவர் தன் நேரத்தில் பிறகு போனார். குடும்பம் குறித்த நேரத்துக்கு "இல்லை" என்பது பாவமாக இருந்தால் அவர் அதைச் சொல்லியிருக்க மாட்டார். குடித்தவர் கை நீட்டினால், பிள்ளைகள் பயந்தால், அங்கே பொறுமை தேவையில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அயல் வீட்டுக்கோ கோயிலுக்கோ போங்கள். 1938 என்ற பெண்கள் உதவி இலக்கம் இருக்கிறது, 2005-ஆம் ஆண்டின் 34-ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். மனம் தாங்காத பாரமாக இருந்தால் 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கு எடுத்து ஒருவரோடு கதைக்கலாம். ஜெபிக்கிறவர்களும் எடுக்கலாம்.

நத்தாருக்குப் பிறகு வருகிற நாட்களையும் சேர்த்து எண்ணுங்கள். மெதடிஸ்தர்கள் புது வருடத்தின் தொடக்கத்தில் உடன்படிக்கை ஆராதனை வைப்போம், ஜோன் வெஸ்லி 1755-இல் தொடங்கிய வழக்கம். அந்த ஜெபத்தில், என்னைப் பயன்படுத்தினாலும் சரி, ஒதுக்கிவைத்தாலும் சரி, நான் உம்முடையவள் என்ற பொருளில் ஒரு பகுதி வரும். வீட்டில் எல்லாவற்றையும் தூக்கிச் சுமக்கிற மூத்த மகள்களுக்கு அந்த இடம் கடினம், எனக்கும் கடினமாகத்தான் இருந்தது. மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் பாதிரியாரை அப்போது நினைத்துக்கொள்வேன். கப்பல் பயணத்திலேயே மனைவியைப் பறிகொடுத்து 1814-இல் தனியாக இங்கே வந்து பள்ளிக்கூடம் தொடங்கியவர். 1815 ஏப்ரலில் செத்துப்போனார். மட்டக்களப்பில் அவர் கண்டது ஒரே ஒரு நத்தார், அதுவும் குடும்பம் இல்லாத நத்தார். மழைக் காலத்தில், இந்த வாவிக்கரையில், யாரோடு இருந்து சாப்பிட்டாரோ. பத்தொன்பது பேரின் சத்தத்தில் தலை வெடிக்கும்போது அந்த மனிதனை நினைத்தால், சத்தம் எனக்குக் கொஞ்சம் வேறு மாதிரிக் கேட்கும்.

நத்தாருக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. இந்தக் கிழமையே நடுத் தங்கைக்கு எடுத்து, இறைச்சிக் கறி உன்னுடையது என்று சொல்லிவிடுங்கள். சமையலைப் பற்றி மட்டும் கதையுங்கள், வீட்டைப் பற்றி ஒன்றும் வேண்டாம். அப்புறம் அம்மாவோடு பழம் வெட்ட உட்காருகிற நாளை எனக்கு எழுதுங்கள், அன்று காலை உங்கள் இரண்டு பேருக்காகவும் ஜெபிக்கிறேன்.